விழுந்த பல்லைப் பாலில் போடுங்கள், தண்ணீரில் அல்ல

நிலைப்பல் வேரோடு விழுந்தால், வெள்ளையாகத் தெரியும் தலைப்பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி எலும்போடு சரியாகப் பிடிக்கும். மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ (மருத்துவ உப்புநீர்) லேசாக அலசி, அப்போதே குழிக்குள் வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்வதே முதல் வழி.

முடியவில்லையா? சிறு டப்பாவில் பல் மூழ்கும் அளவு குளிர்ந்த பால் ஊற்றிப் போடுங்கள்; சர்க்கரை, தயிர் வேண்டாம். பாலில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு நம் உடல் திரவத்துக்கு நெருக்கம். குழாய்த் தண்ணீரில் அந்தச் செறிவு இல்லாததால் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். ஹேங்க்ஸ் கரைசல் (செல்களை உயிரோடு வைத்திருக்க உதவும் உப்புக்கரைசல்) கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் தெருக்கடையில் கிடைப்பது பால்தானே! பாலும் இல்லையென்றால் காயப்பட்டவரின் எச்சிலைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் போடலாம், அடுத்தது சலைன். டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பையில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: உலர்ந்தபடி 60 நிமிடம் போனால் அந்தச் செல்கள் பிழைப்பது அரிது.

பால்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் கெடலாம்.