ஆர்கானிக் சோலார் செல்: மூலக்கூறு பார்க்கும் திசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் வருடா வருடம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கையுறை இல்லாமல், மின்சாரம் கடத்தும் ஐடிஓ கண்ணாடியைத் தொடுவதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அது தானாகச் சரியாகிவிடும். மாதக்கணக்கில் நேரத்தைத் தின்பவை வேறு.

செல்லில் ஒளியை உறிஞ்சும் பாலிமர் படலத்தில், பாலிமரின் தட்டையான வளையங்கள் அடுக்கிவைத்த தோசை போலக் கிடந்தால் அது ஃபேஸ்-ஆன். மின்னூட்டம் அடுக்கின் வழியாகத் தாவித் தாவி மேலும் கீழும் உள்ள மின்முனைகளுக்குப் போய்விடும். அந்த அடுக்கு அப்படியே பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் எட்ஜ்-ஆன். அப்போது மேலே போகிற வழியில், மின்சாரம் கடத்தாத பக்கச் சங்கிலிகள் குறுக்கே நிற்கும்.

டிரான்சிஸ்டர் மொபிலிட்டியை நம்புவது

டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் கிடைமட்டமாக ஓடுகிறது, செல்லில் செங்குத்தாக. பி3எச்டி பாலிமரில் அடுக்கின் திசை மாறினால் மொபிலிட்டி (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) 100 மடங்குக்கு மேல் வேறுபடும் என்று 1999-லேயே காட்டிவிட்டார்கள். செல்லுக்கு எஸ்சிஎல்சி முறையில், அதாவது செங்குத்தாக ஓடும் மின்னோட்டத்தை வைத்து, அளந்துகொள்ளுங்கள்.

வேஃபரில் அளந்துவிட்டு செல்லுக்குத் தீர்ப்பு எழுதுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் காத்திருந்து வாங்கிய சிங்க்ரோட்ரான் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம்) நேரத்துக்கு, வெறும் சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய தகட்டில்) பூசிய சாம்பிள்களைக் கொண்டுபோனார். ஜிவாக்ஸ் (படலத்தை உரசினாற்போல் விழும் எக்ஸ்-கதிரின் சிதறல்) படத்தில் செங்குத்துத் திசையில், வளையங்களின் அடுக்கைக் காட்டும் 1.7 ஆங்ஸ்ட்ராம்⁻¹ பக்கம், பளிச்சென்று ஒரு வில். அழகான ஃபேஸ்-ஆன். செல்லிலோ மின்னோட்டம் வரவே இல்லை. பழி மூலக்கூறின் மேல் விழுந்தது. பக்கச் சங்கிலியை மாற்றித் தரச் சொல்லி வேதியியல்காரர்களைப் படுத்தினார்கள். கடைசியில் ஒருவர், செல்லில் படலத்துக்கு அடியில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு பூசிய வேஃபரில் அளந்து பார்த்தார். வில் கிடைமட்டத்துக்குப் போயிருந்தது, அதாவது எட்ஜ்-ஆன்!

அடியில் இருக்கும் பரப்பு மாறினால் அடுக்கும் மாறலாம். அதோடு சிலிக்கான் வெப்பத்தைக் கண்ணாடியைவிட 100 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஹாட் பிளேட்டில் படலம் காயும் கதையே வேறாகிவிடும். ஐடிஓ கண்ணாடியிலேயே அளக்கலாமே என்றால், அதன் சொரசொரப்பும் அதன் சொந்தச் சிகரங்களும் படத்தைக் கெடுக்கும். எனவே வேஃபர்தான், ஆனால் செல்லில் இருக்கிற அதே ஜிங்க் ஆக்சைடு அல்லது பெடாட்:பிஎஸ்எஸ் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) அதன் மேல் இருக்க வேண்டும். கரைப்பான், தடிமன், சூடாக்கும் முறை எதுவும் மாறக்கூடாது.

அப்புறம், எக்ஸ்-கதிரை ஒரே கோணத்தில் விழவைத்து அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். 10 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் எக்ஸ்-கதிருக்கு சுமார் 0.1 டிகிரிக்குக் கீழே போனால் படலத்தின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். சற்று மேலே போனால் முழுப் படலமும் தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுவே ஒரு முக்கியமான தகவல்.

ஃபேஸ்-ஆன் வந்தாலே போதும் என்பது

போதாது. ஜிவாக்ஸ் பெரும்பாலும் படிகப் பகுதியைத்தான் காட்டும். மின்னழுத்தம் தீர்மானமாவதோ எலெக்ட்ரானைக் கொடுக்கும் டோனரும் அதை வாங்கும் அக்செப்டரும் தொடுகிற இடத்தில்.

ஒளியை மறப்பது

நேராக விழும் ஒளியின் மின்புலம் படலத்தின் தளத்தில் இருக்கும். மூலக்கூறு படுத்திருந்தால் அதிகம் உறிஞ்சும். அதற்காகத்தான் காப்பர் தாலோசயனின் என்ற தட்டையான மூலக்கூறைப் படுக்கவைக்க அடியில் காப்பர் அயோடைடு பூசுகிறார்கள்.