கண்ணுக்குத் தெரியும் பொத்தான் ஆப்பியத்துக்கு ஏன் தெரிவதில்லை?

பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தான் பளிச்சென்று தெரிகிறது. சோதனையில் கொடுத்த அதன் ஐடியும் (அடையாளப் பெயர்) சரிதான். ஆனாலும் அப்படியோர் உறுப்பே இல்லை என்று, செயலிகளைத் தானாகச் சோதிக்கும் கருவியான ஆப்பியம் சோதனையை நிறுத்திவிடுகிறது. முதன்முதலில் இதில் மாட்டிக்கொண்டபோது, இரண்டு நாள் ஐடியையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை. அந்தப் பக்கம் செயலிக்குள் திறக்கும் வலைப்பக்கம், அதாவது வெப்வியூ. ஆப்பியமோ செயலியின் சொந்தத் திரைகளைக் கையாளும் நேட்டிவ் சூழலிலேயே நின்றுகொண்டிருந்தது. எச்டிஎம்எல் உறுப்புகளை அவற்றின் சொந்த உருவில் பார்க்க, அது வெப்வியூ சூழலுக்குள் போக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இதைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஆப்பியமும், அது ஆண்ட்ராய்டை இயக்க உதவும் யுஐஆட்டோமேட்டர்2 டிரைவரும் நிறுவி, செயலியைத் திறக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செயலியை எழுதுபவரிடம், சோதனைப் பதிப்பில் மட்டும் வெப்வியூ டீபக்கிங்கை (வெப்வியூவின் உள்ளே வெளியிலிருந்து பார்க்க விடும் வசதி) இயக்கித் தரச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 4.4 முதல் இந்த வசதி இருக்கிறது. ஒரே வரி வேலை. பிறகு போனை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வெப்வியூ அங்கே வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்; ஆப்பியத்துக்கும் அது கிடைக்காது. வந்துவிட்டால், பொத்தானின் உண்மையான ஐடியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: ஸ்கிரிப்டில் சூழல்களின் பட்டியலைக் கேளுங்கள். ஜாவாவில் இதற்கு 'கெட் கான்டெக்ஸ்ட் ஹேண்டில்ஸ்' இருக்கிறது. 'நேட்டிவ் ஆப்' ஒன்று, 'வெப்வியூ' என்று தொடங்கிச் செயலியின் பேக்கேஜ் பெயரோடு முடிவது இன்னொன்று. பக்கம் திறந்த நொடியிலேயே இரண்டாவது பெயர் வந்துவிடாது. கண்ணை மூடிக்கொண்டு பத்து விநாடி நிறுத்தி வைப்பதைவிட, அது வரும்வரை அரை விநாடிக்கொரு முறை கேட்பதே நல்லது.

படி 3: அந்தப் பெயரைக் கொடுத்துச் சூழலை மாற்றுங்கள். இனி வலைப்பக்க உறுப்புகளைத் தேடும் சிஎஸ்எஸ் செலக்டர் வேலை செய்யும், பொத்தானை அழுத்தலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் நேட்டிவ் சூழலுக்குத் திரும்புங்கள். இல்லாவிட்டால் செயலியின் அடுத்த நேட்டிவ் பொத்தானில் இதே பிழை மறுபடி வரும்.

நேற்றுவரை ஓடிய சோதனை இன்று சூழல் மாறும் இடத்திலேயே விழுந்தால், குரோம்டிரைவரைப் பாருங்கள். வெப்வியூவுக்குள் ஆப்பியத்தின் கையாக இயங்குவது அதுதான். போனில் வெப்வியூ தானாகவே புதுப்பித்துக்கொண்டால், பழைய குரோம்டிரைவர் அதனோடு பொருந்தாமல் போய்விடலாம். பிழைச் செய்தியில் பதிப்பு எண் இருக்கும். அதற்கேற்ற குரோம்டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். ஆப்பியமே தானாக இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு, ஆனால் சர்வரைத் தொடங்கும்போது அதற்குத் தனியே அனுமதி தர வேண்டும்.