நீண்ட ஷாட் வந்தால் தள்ளிவிடாதீர்கள்

சுயாதீனப் படங்களில் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரே ஷாட் அரை நிமிடத்தைத் தாண்டினால், பத்து நொடி தள்ளும் பொத்தானைத் தொடாதீர்கள். ஃபிரேமின் ஓரங்களைப் பாருங்கள், ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கவனியுங்கள். வசனமும் இசையும் சொல்லாததை இந்தப் படங்கள் அங்கேதான் வைக்கின்றன. 'கூழாங்கல்' (2021) படத்தில், நடந்து வரும் வழியில் தாகத்துக்கு வாயில் போட்ட கல்லைப் பையன் வீட்டில் வைக்கிற இடத்தில் ஏற்கெனவே அப்படிப்பட்ட கற்களின் குவியல் ஒன்று கிடக்கும். எத்தனை முறை இப்படி நடந்தான் என்று யாரும் சொல்வதில்லை, கணக்கு நம் வேலை. 1.5 வேகத்தில் ஓட்டினால் அந்தக் குவியல் கண்ணிலேயே படாது.

வசனம் நிறைந்த வேற்றுமொழிப் படத்துக்கு இது சரிவராது, கண் சப்டைட்டிலிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் தடவை பார்க்கும்போது முயலலாம்.