இலக்கியக் கூட்டத்தை விட்டு விலகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத ஆரம்பித்தவர்களில் பலருக்கு ஒரு கூட்டம் இருந்திருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, நூலக மாடியிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ கூடுகிற வாசகர் வட்டம். எனக்கு அப்படி ஒன்று 11 ஆண்டுகள் இருந்தது. கிளை நூலகத்தின் மாடி, இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்து மணிக்குத் தூக்குவாளியில் வரும் டீ. என் முதல் கதையை அங்கேதான் வாசித்தேன். முடித்ததும் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தக் கிணத்தடி வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவ வாசிம்மா" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதே மாடியில்தான், பல வருடங்கள் கழித்து, எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஆவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்யும் சில காரியங்கள் நம் எழுத்தையும் கெடுக்கும், மற்றவர்களையும் நோகடிக்கும்.

முதலாவது, "கூட்டம் முன்ன மாதிரி இல்லை" என்று முடிவு கட்டிவிடுவது. பெரும்பாலும் கூட்டம் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். புதுமைப்பித்தனைப் பற்றி அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறார்கள். அன்று உங்களுக்கு அது புதிது, இன்று மனப்பாடம், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் அதை நோட்டில் குறித்துக்கொண்டிருப்பாள், கவனித்துப் பாருங்கள். விலகுகிற அன்று மைக்கைப் பிடித்து, கூட்டத்தின் குறைகளை வரிசையாக அடுக்கிவிட்டு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசியதால் கூட்டம் மாறியதில்லை. அந்தப் பெண் மாதிரி யாராவது ஒருத்தி அடுத்த மாதம் வராமல் போனதுதான் மிச்சம்.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியும், அதன் கைதட்டலுக்காக எழுதுவதை நிறுத்தாமல் இருப்பது.

கவியரங்கில் ஒரு வரியை இரண்டு முறை படிப்பது வழக்கம். முதல் முறை காதில் விழும், இரண்டாம் முறை கைதட்டல் வரும். இது பழகிவிட்டால், நான்கு வரிக்கு ஒரு தட்டு விழ வேண்டும் என்று கை தானாகவே கணக்குப் போடும். அப்பாவின் சைக்கிளைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். "அவர் மிதித்தது பெடலை அல்ல, எங்கள் பசியை" என்று முடியும். மாடியே அதிர்ந்தது. அதைச் சிறுபத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் கடைசி வரியைச் சுற்றி பென்சிலால் ஒரு கட்டம். பக்கத்தில், "இது இல்லாவிட்டால் சைக்கிள் தெரியும்" என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டு, தனியாக, வாய்விடாமல் படித்துப் பார்த்தேன். செயின் கவரில் அப்பா சுற்றி வைத்திருந்த பழைய துணி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கைதட்டல் பொய் என்று சொல்ல மாட்டேன். அது காதுக்கான அளவு. தாளில் தனியாகப் படிப்பவருக்கு வேறு அளவு வேண்டும். விலகியபின் ஆறு மாதமாவது எழுதியதை யாருக்கும் வாசித்துக் காட்டாமல் இருந்து பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

கடமைக்காகப் போய், கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதும் தவறுதான். வாசிக்கிறவருக்கு அது மேடையிலிருந்து நன்றாகவே தெரியும்.

அடுத்தது, வெளியே வந்த சூட்டோடு இன்னொரு கூட்டம் ஆரம்பிப்பது. அதே வரவேற்புரை, அதே நன்றியுரை, பேனரில் மட்டும் வேறு பெயர். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையைச் சுற்றி உருவானவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத ஆரம்பித்தவர்களில் ஒருவர் ந. முத்துசாமி. பிறகு 'நடை', 'கசடதபற' பத்திரிகைகளோடு சேர்ந்து இயங்கினார், நாடகம் பக்கம் திரும்பினார், புரிசை கிராமத்துத் தெருக்கூத்தில் மனம் தோய்ந்தார். 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை இன்னொரு 'எழுத்து' கிடையாது. நடிகனின் உடம்பையும் குரலையும் பயிற்றுவித்த இடம் அது. பழைய இடத்தில் கிடைக்காதது எது என்று தெளிவாகத் தெரிந்தால் புதிதாக ஆரம்பிக்கலாம். தெரியவில்லையென்றால் கொஞ்ச நாள் சும்மா இருப்பது நல்லது.

கடைசியாக, சொல்லாமல் மறைந்துபோவது. இதை நான் செய்தேன். ஒவ்வொரு மாதமும் சனிக்கிழமை இரவு அந்தப் பெரியவர் எல்லோருக்கும் போன் செய்து ஞாபகப்படுத்துவார். நான்கு மாதம் எடுக்கவே இல்லை. காய்ச்சல், உறவினர் கல்யாணம் என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினேன். ஐந்தாம் மாதம் அவர் யாரிடமோ, "பிள்ளைக்கு உடம்புக்கு என்னவோ, கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டதாகத் தெரிந்தது. அவரிடம் வாங்கிய இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "ஐயா, இனி மாசாமாசம் வர மாட்டேன். எனக்கு இப்ப தனியா உட்கார்ந்து எழுதணும்னு இருக்கு" என்றேன். அதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"சரிம்மா" என்றார். புத்தகங்களைப் புரட்டி, நான் அடையாளம் வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து என்னிடமே கொடுத்தார். "டிசம்பர்ல ஆண்டு விழா. அதுக்கு மட்டும் வந்துடு."

வருடா வருடம் போகிறேன். அன்று நாற்காலி போடுவது என் வேலை.