போதைச் சிகிச்சைக்கு மருந்தெழுதும் மருத்துவரை விசாரிக்கும் முறை

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அளவுக்கு மீறி எழுதுகிறார் என்று ஒரு மருத்துவர்மீது புகார் வந்தால், அவர் அவற்றை எதற்காக எழுதுகிறார் என்பதை ஒழுங்குமுறை அமைப்பு முதலில் பிரித்தறிய வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகைப் பொருள்) பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு, அதற்கு மாற்றாகத் தரப்படும் மருந்துகளான மெதடோனோ புப்ரினார்பினோ கொடுப்பது சிகிச்சை. 2005 முதல் இவ்விரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் உள்ளன. வலிக்கென எழுதிய மாத்திரையால் ஒருவர் அடிமையாவது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் விசாரணை தொடக்கத்திலேயே திசை தவறிவிடும்.

மருந்தின் அளவு மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. நாளொன்றுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை மெதடோன் தேவைப்படுவது வழக்கமே. அதைவிடக் குறைத்து எழுதுபவர் எச்சரிக்கையானவராகத் தோன்றினாலும், அவருடைய நோயாளி பற்றாக்குறையைத் தெருவில் வாங்கி ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே சில நோயாளிகளின் கோப்புகளை முன்தேர்வின்றி எடுத்து, இதே சிகிச்சையில் அனுபவமுள்ள வேறொரு மருத்துவரைப் படிக்கச் செய்யுங்கள். ஓபியாய்டு சார்பு எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது, முதல் நாளில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, பென்சோடயசெபீன் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் மருந்து வகை) சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் பதிவாகியுள்ளதா என்பவற்றை அவர் பார்க்க வேண்டும். மெதடோன் உடலில் மெல்லச் சேர்ந்துகொண்டே போவதால், முதல் இரண்டு வாரப் பதிவுகளுக்குத் தனிக் கவனம் தேவை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் தெரிந்த பின்னும் சிகிச்சையைத் தொடர்ந்தது குறையாகாது. அந்த முடிவைப் பார்க்காமலே அடுத்த சீட்டை எழுதியிருந்தால் அது குறை. நோயாளியைப் பாராமல் எழுதுவதும், சீட்டுக்கு விலை வைத்து விற்பதும் தெரியவந்தால் நடவடிக்கைக்குத் தயங்க வேண்டியதில்லை.

உரிமத்தை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திடும் முன், அம்மருத்துவரின் நோயாளிகள் மறுநாள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். பல அமைப்புகள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது; சிகிச்சை நின்ற முதல் நான்கு வாரங்களில் மரண அபாயம் கடுமையாக உயர்கிறது. நோயாளிகளின் பட்டியலைப் பெற்று, அவர்களை ஏற்கும் மருத்துவரை முடிவு செய்து, இடைக்காலச் சீட்டுகளுக்கு ஏற்பாடு செய்து, மருந்தாளுநர்களுக்குத் தெரிவித்து, ஓபியாய்டு அளவு மீறியவரைக் காப்பாற்றும் மாற்றுமருந்தான நலோக்சோனின் கையிருப்பையும் உறுதிசெய்யுங்கள். ஆபத்து உடனடியானது என்றால், ஆணையும் இந்த ஏற்பாடுகளும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

குறை பதிவேட்டிலோ பயிற்சியிலோ மட்டும் இருந்தால், மேற்பார்வையுடன் பணியைத் தொடர விடுவதே பெரும்பாலும் போதுமானது. இச்சிகிச்சையை ஏற்கும் மருத்துவர்கள் ஏற்கெனவே குறைவு. அமெரிக்காவில் புப்ரினார்பின் எழுத 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேவைப்பட்ட தனி அனுமதி, 2022 இறுதியில் நீக்கப்பட்டதற்கும் சிகிச்சை எளிதில் கிடைக்க வேண்டும் என்பதே காரணம்.