‘இல்லை’ என்று டிக் அடிக்கும் முன்: அமெரிக்க மருத்துவ லைசென்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டாக்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு அல்ல, மாநிலங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி மெடிக்கல் போர்டு, தனிச் சட்டம், தனிக் கட்டணம். டாக்டர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று மாநிலங்கள் சட்டம் போடலாம் என்பதை 1889 இல் டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்றும் அதே ஏற்பாடுதான்.

ஆகவே முதல் தவறு, “என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் நடந்தது” என்பதை நம்பி இறங்குவது. ஃப்ரெண்ட் எந்த மாநிலத்தில் இருக்கிறார், எங்கே படித்தவர் என்று பாருங்கள். நியூயார்க்கில், அமெரிக்கக் கல்லூரியில் படித்தவருக்கு ஒரு வருட ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் செய்யும் பயிற்சி, போதும். வெளிநாட்டில் படித்தவருக்கு மூன்று வருடம் வேண்டும். பக்கத்து மாநிலத்தில் கணக்கு வேறு. போர்டின் இணையதளத்தில் இருக்கும் விதியை நீங்களே படியுங்கள். சட்ட மொழிதான், தூக்கம் வரும், ஆனாலும் படியுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை எல்லோரும் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். லைசென்ஸுக்கு முக்கியம் முயற்சிகளின் எண்ணிக்கையும் காலமும். யுஎஸ்எம்எல்இ என்பது லைசென்ஸுக்கான தேர்வு, ஸ்டெப் என்ற மூன்று கட்டங்கள் கொண்டது. அதில் ஒரு ஸ்டெப்பை அதிகபட்சம் நான்கு முறை எழுதலாம். 2021 வரை இது ஆறாக இருந்தது. சில மாநிலங்கள் அதற்கும் குறைவாகத்தான் அனுமதிக்கின்றன. மூன்று ஸ்டெப்களையும் ஏழு வருடத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன. ஸ்டெப் 1 எழுதிவிட்டு நாலு வருடம் ஆராய்ச்சிக்குப் போய், ரெசிடென்சியில் ஸ்டெப் 3 ஐ “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று தள்ளுபவர்கள் இந்தக் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். தேறியும் பயனில்லாமல் போகும் நிலை இப்படித்தான் வருகிறது.

இடையில் ஒரு வார்த்தை. ‘இனி ரெசிடென்சியே வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு அடிப்படை, டென்னசி மாநிலம் 2023 இல் போட்ட சட்டம். வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர்களுக்கு அது ஒரு வழி திறந்தது. பிறகு வேறு சில மாநிலங்களும் அந்த வழியில் வந்தன. ஆனால் முதலில் கிடைப்பது தற்காலிக லைசென்ஸ்தான். தகுதியான மருத்துவமனையில் வேலை கையில் இருக்க வேண்டும். தேர்வுகளிலிருந்தும் விலக்கு இல்லை. இதை நம்பி ரெசிடென்சி விண்ணப்பத்தைக் கைவிட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

காகிதங்களுக்கு வருவோம். சான்றிதழின் நகலை நீங்கள் அனுப்பினால் போர்டுக்கு அது வெறும் காகிதம். கல்லூரியே நேரடியாக உறுதிப்படுத்த வேண்டும். ரெசிடென்சி நடந்த மருத்துவமனையும் அப்படியே. மாநில போர்டுகளின் கூட்டமைப்பு நடத்தும் எஃப்சிவிஎஸ் என்ற சேவை இந்த ஆவணங்களை ஒருமுறை சரிபார்த்து நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது. காசு செலவாகும். ஆனால் மூன்றாவது மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பதினைந்து வருடத்துக்கு முன் படித்த கல்லூரியின் அலுவலகத்துக்கு மறுபடி போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரெசிடென்சி முடிந்த கையோடு இதைச் செய்துவிடுவது நல்லது.

பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறோம். பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். முதல் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு பெயரை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். தேதிகளிலும் இதே கவனம் வேண்டும். படிப்பு முடிந்த நாளிலிருந்து இன்றுவரை மாதக் கணக்கில் என்ன செய்தீர்கள் என்று படிவம் கேட்கும். ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தீர்களா? அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலியாக விட்டால்தான் கேள்வி வரும்.

இனி, ‘ஆம் / இல்லை’ கேள்விகள். லைசென்ஸ் சிக்கலாகும் இடம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

ஒரு ஜூனியர் இரவு ஒன்றரை மணிக்கு எனக்கு போன் செய்தார். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டுத் தூக்கம் வராமல் மறுபடி திறந்து படித்திருக்கிறார். “பயிற்சியின்போது எப்போதாவது புரபேஷனில் வைக்கப்பட்டீர்களா, கூடுதல் கண்காணிப்புக்கு உட்படுத்தப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி. அண்ணா, இதுக்கு ‘இல்லை’ன்னு போட்டுட்டேன். தப்பா?” முதல் வருடத்தில் நோயாளிகளின் நோட்ஸ் எழுதத் தாமதித்ததற்காக மூன்று மாதம் அவரைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். “இதெல்லாம் ஒண்ணுமில்லை” என்று புரோகிராம் டைரக்டர் அப்போது சொல்லியிருக்கிறார். ஆனால் அதே கேள்வி அவருடைய டைரக்டருக்குப் போகும் படிவத்திலும் இருக்கிறது. அங்கே அவர் ‘ஆம்’ என்றுதான் டிக் அடிப்பார். இரண்டு காகிதங்களும் ஒரே கோப்பில், ஒரே ஊழியரின் மேஜைக்கு வரும்.

நோட்ஸ் தாமதத்துக்காக யாரும் லைசென்ஸ் மறுப்பதில்லை. மறைத்தால் விஷயம் வேறு. அது விண்ணப்பத்தில் பொய் சொன்ன குற்றம். அடுத்த நாள் காலையிலேயே அவரைத் திருத்தம் அனுப்ப வைத்தேன்: என்ன நடந்தது, என்ன காரணம், எப்போது முடிந்தது என்று ஆறே வரி. சாக்கு இல்லை, யார்மீதும் பழி இல்லை. லைசென்ஸ் இரண்டு மாதம் தாமதமாக வந்தது.

கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘தண்டிக்கப்பட்டீர்களா’ வேறு, ‘கைது செய்யப்பட்டீர்களா’ வேறு. கல்லூரி நாளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்குக் கைதாகி, பின்னால் நீதிமன்றப் பதிவு அழிக்கப்பட்டிருக்கும். அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும் என்று சில மாநிலங்கள் வெளிப்படையாகவே கேட்கின்றன. கைரேகையும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் இந்தத் துறை தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அந்த ஃபீஸ் வீணாகாது.

மருத்துவமனை விசாரிக்கிறது என்று தெரிந்ததும் “நானே ராஜினாமா செய்துவிடுகிறேன், பிரச்சினை முடிந்துவிடும்” என்று நினைப்பது இதே ரகம். முடியாது. மருத்துவர்கள் மீதான நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் என்பிடிபி தரவுத்தளம் 1986 இல் வந்த சட்டத்தின்படி அமைந்து 1990 முதல் இயங்குகிறது. விசாரணை நடக்கும்போது பதவி விலகினால் அதுவே அங்கு பதிவாகும். மருத்துவப் பிழை வழக்கில் இழப்பீடு கொடுத்தாலும் பதிவாகும். மருத்துவமனைகளும் போர்டுகளும் அதைப் பார்க்கின்றன. உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று நீங்களே காசு கட்டிப் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, லைசென்ஸ் போய்விடுமோ என்று பயந்து மனநல மருத்துவரிடம் போகாமல் இருப்பது. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதைக் குடும்பத்தினர் பிறகு வெளிப்படையாகப் பேசினார்கள். அதன் பின் பல மாநிலங்கள் கேள்வியை மாற்றியிருக்கின்றன. எப்போதாவது சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்காமல், இப்போது உங்கள் வேலையைப் பாதிக்கும் நிலை ஏதும் உண்டா என்று மட்டும் கேட்கிறார்கள். உங்கள் மாநிலப் படிவத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவதும் ஒரு தவறுதான்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் அலட்சியம்தான் காரணம். நானே ஒன்று செய்தேன். வீடு மாறினேன், போர்டுக்கு முகவரி மாற்றம் சொல்லவில்லை. புதுப்பிக்கும் நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் சான்று சரிபார்க்கும் அலுவலகத்திலிருந்து போன்: “டாக்டர், உங்க லைசென்ஸ் வெள்ளிக்கிழமையே காலாவதியாகிவிட்டது. வார்டுக்குப் போக வேண்டாம்.” சனி, ஞாயிறு நான் ட்யூட்டியில் இல்லாதது அதிர்ஷ்டம். காலாவதியான லைசென்ஸில் நோயாளியைப் பார்ப்பது சட்டவிரோதம். அந்த நாட்களுக்கு இன்சூரன்ஸும் காசு தராது.

நியூயார்க்கில் இதற்கு ஒரு திருகு உண்டு. அங்கே லைசென்ஸ் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் பதிவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் தொழில் செய்யலாம். ‘ஆயுள்’ என்ற வார்த்தையை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

சிஎம்இ, அதாவது லைசென்ஸ் வாங்கிய பிறகும் தொடர வேண்டிய மருத்துவக் கல்வி, அதற்கான மணி நேரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்தில் 50, பென்சில்வேனியாவில் 100, மிச்சிகனில் மூன்று வருடத்தில் 150. நியூயார்க் பொதுவாக எண்ணிக்கை கேட்பதில்லை, ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தொற்றுத் தடுப்புப் பயிற்சி வேண்டும். மொத்த மணியை எட்டிவிட்டு, குறிப்பிட்ட தலைப்பில் கட்டாயமான இரண்டு மணியை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. ‘முடித்துவிட்டேன்’ என்று உறுதிமொழி கொடுத்த பிறகு தணிக்கை வந்தால் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒரு ஃபோல்டர் போட்டு அன்றன்றே சேமியுங்கள்.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத மத்திய அரசிடம் செய்யும் டிஇஏ பதிவு லைசென்ஸ் அல்ல, அது தனி. மூன்று வருடத்துக்கு 888 டாலர். 2023 ஜூன் முதல், போதைப்பொருள் பழக்கத்துக்கான சிகிச்சை குறித்து ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. மாநில லைசென்ஸ் போனால் இதுவும் போய்விடும்.

வீடியோ அழைப்பில் முக்கியம் நோயாளி இருக்கும் இடம். பத்து வருடமாக உங்களிடம் வரும் பாட்டி, மகள் வீட்டுக்குப் பக்கத்து மாநிலம் போயிருக்கிறார். அங்கிருந்து அழைத்தால், பொதுவாக அந்த மாநில லைசென்ஸ் வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம், அதாவது ஐஎம்எல்சி, ஒரே லைசென்ஸை எல்லா இடத்திலும் செல்ல வைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது விண்ணப்பத்தை வேகமாக்குகிறது, அவ்வளவுதான். லைசென்ஸ் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி, கட்டணமும் புதுப்பித்தலும் தனித்தனி. அதில் சேர ஒரு ஸ்டெப்புக்கு மூன்று முயற்சிக்கு மேல் போயிருக்கக் கூடாது. எங்காவது ஒரு மாநிலம் நடவடிக்கை எடுத்தால் மற்ற மாநிலங்களுக்கும் அது தெரியும்.

மச்சினனுக்கு இருமல், சித்திக்குத் தூக்கமில்லை என்று போனிலேயே மருந்து எழுதித் தருவதும் வேண்டாம். தன்னையும் வீட்டாரையும் பொதுவாகத் தானே கவனிக்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை என்றால் விவகாரம் இன்னும் பெரிது. அவசரமில்லாத எதற்கும், “உன் டாக்டர்கிட்ட போ” என்று சொல்லி மனஸ்தாபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

போர்டிலிருந்து புகார்க் கடிதம் வந்தால், அதைப் பிரித்த கோபத்தில் அன்று இரவே பதில் எழுதாதீர்கள். நோயாளியின் சார்ட்டைத் திறந்து விட்டுப்போனதைச் சேர்க்கவும் வேண்டாம். எந்த வரி எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பது மின்னணுப் பதிவில் நிற்கும். கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, மால்பிராக்டிஸ் (மருத்துவப் பிழை) இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகளில் போர்டு விசாரணைக்கான வக்கீல் செலவும் சேர்ந்திருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகுதான் வக்கீலை அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஆகவே முதல் போன் அவர்களுக்கு.