ஆகக் குறைந்த சம்பளம்: "எங்களுக்கு அது பொருந்தாது" என்று நினைத்துச் செய்யும் பிழைகள்

2026 ஜனவரி 1 முதல் இலங்கையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 10,000 ரூபாவில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது. பழைய தொகையிலேயே நிற்பது பிழை என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குப் படாத பிழை சம்பளச் சீட்டுக்குள் இருக்கிறது.

யாழ் நகரத்துப் புடவைக்கடை ஒன்றின் சீட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அடிப்படை 18,000, வரவுக் கொடுப்பனவு 6,000, விற்பனைக் கொமிசன் 6,000. கூட்டினால் 30,000 வருகிறது, ஆனால் சட்டம் நிறைவேறவில்லை. 30,000 என்பது அடிப்படைச் சம்பளம். கொமிசன், ஓவர்டைம், சாப்பாடு, தங்குமிடம் எதையும் அதற்குள் அடக்கக் கூடாது.

இதனால் தொழிலாளி இழப்பது அடிப்படையில் குறையும் அந்த 12,000 மட்டுமல்ல. கடை, காரியாலய ஊழியருக்கு மணிக்கூலி பார்க்க மாதச் சம்பளத்தை 240ஆல் வகுப்பார்கள். ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு. 30,000க்கு ஒரு ஓவர்டைம் மணித்தியாலம் 187.50 ரூபா, 18,000க்கு 112.50 தான். 18,000ஐ வைத்தே ஊழியர் சேமலாப நிதியும் கட்டினால் முதலாளியின் 12 வீதம் 3,600க்குப் பதில் 2,160 ஆகும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 வீதம் 900க்குப் பதில் 540. பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதால், பத்து வருடம் நின்றவருக்கு 150,000 வரவேண்டிய இடத்தில் 90,000 தான் கிடைக்கும். சீட்டில் ஒரு வரியைப் பிரித்து எழுதியதால் வந்த நட்டம் இது.

சேமலாப நிதியில் இன்னொரு பிழை: 20 வீதத்தையும் தொழிலாளியிடமே பிடிப்பது. அவருடைய பங்கு 8 வீதம், அதாவது 2,400. வேறு கழிவு இல்லையென்றால் கைக்கு 27,600 வரவேண்டும். 24,000 வந்தால் முதலாளியின் பங்கையும் அவரே கட்டுகிறார்.

இனி விலக்கு. "எங்கட கடையில் மூன்று பேர்தானே" என்பது அடிக்கடி கேட்கும் நியாயம். பணிக்கொடைச் சட்டத்துக்குக் குறைந்தது 15 பேர் வேலை செய்யவேண்டும் என்ற கணக்கு உண்டு; அதைச் சம்பளத்துக்கும் இழுத்துவிடுகிறார்கள். ஆகக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் கணக்கு இல்லை, ஒருவர் நின்றாலும் கொடுக்கவேண்டும். தகுதிகாண் காலமும் விலக்கு இல்லை. "ரெயினிங்" என்று வாயால் சொல்லி ஆறு மாதம் பாதிச் சம்பளத்துக்கு வைத்திருக்கவும் முடியாது. தனியார் துறைப் பயிலுநருக்கென்று 1978ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. அதன்படி எழுத்தில் பயிற்சி ஒப்பந்தம் வேண்டும். மேசனுக்குக் கையாளாக நிற்பவரைக் "கொந்தராத்து வேலை" என்று சொல்லியும் கழற்றிவிட முடியாது. கொந்தராத்து எடுத்தவர்தான் அவருக்கு முதலாளி. தொழிலாளியே ஒப்புக்கொண்டு குறைந்த தொகைக்குக் கையெழுத்து வைத்தாலும், சட்டம் வைத்த அடிமட்டம் இறங்காது.

சட்டம் உண்மையில் வெளியே விட்டிருப்பது வீட்டுப் பணியாளரை. சமைத்து, கூட்டி, பிள்ளை பார்த்து, விடிய வந்து பொழுதுபட்டுப் போகும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் ஒரு தொகையும் சொல்லவில்லை. அது அநியாயம், மாறவேண்டும். அதுவரை இந்த விலக்கு வீட்டுப் படலையைத் தாண்டாமலாவது பார்க்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு அறைகளை வாடகைக்கு விடும் வீட்டில் படுக்கை விரித்துக் குளியலறை கழுவுபவர் வீட்டுப் பணியாளர் அல்லர். அங்கே நடப்பது வியாபாரம். 25 நாளும் வேலை செய்தால் 1,200 வீதம் 30,000 ரூபா அவருக்குச் சேரும். காலையில் முதலாளி வீட்டில் சமைத்துவிட்டுப் பின்னேரம் அவருடைய கடையில் சாமான் கட்டுபவர், கடையில் நிற்கும் நேரத்தைத் தனியாக எழுதி வைக்கவேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டு வேலை என்ற பெயர் ஒட்டாது.

அந்தந்தத் தொழிலுக்கென்று சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபை உள்ள தொழில்களில், சபை வைத்த தொகை 30,000ஐவிடக் கூடவென்றால் அந்தக் கூடிய தொகையே செல்லும்.

முறையிட யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் மூன்றின் பிரதியும் கொண்டுபோங்கள். கடை, காரியாலய ஊழியருக்கு நியமன விபரத்தை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. கொடுக்கவில்லையென்றால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். சீட்டில்லாமல் கையில் காசாகத் தருகிறார்களென்றால் ஒரு கொப்பி போதும்: திகதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை. மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல் அன்றன்றே எழுதுங்கள்.